சாமிக்கும் நான்கு மால் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் இணைப்பில் அமானுஷ்யத் தொடர்கதைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சாமி வருகிற கதையை எழுதுவது சுலபம், முடிச்சு அவிழவில்லை என்றால் கடைசி அத்தியாயத்தில் சாமியை இறக்கிவிட்டால் போயிற்று என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இரண்டு வருடமாக அந்தச் சுலபமான வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் நான்.

மேலூரில் ஆவண எழுத்தராக இருக்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று முப்பத்தொரு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். முகூர்த்த நாள் என்றால் சார்பதிவாளர் அலுவலக வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. அஷ்டமி, நவமி என்றால் எதிரே டீக்கடைக்காரர்கூடக் கொட்டாவி விடுவார். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஊர் ஒதுக்கிய அந்த நாட்களில்தான் என் நாவல் வளர்கிறது. இதுவரை இருபத்தாறு அத்தியாயம்.

கதை இதுதான். அழகர்மலை அடிவாரத்தில் ஒரு கற்பனை ஊர், அதில் காவல் தெய்வமான கருப்புக்கு ஒரு கோயில். திருவிழாவுக்குச் சில நாள் முன்பு சாமிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது அத்தனையும் கில்ட் நகை. அன்றிரவு தொடங்கி, அந்தப் பெட்டியில் கை வைத்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கதவிலும் விடிந்தால் சந்தனம் அப்பியிருக்கிறது. அழகர்கோயிலுக்குப் போனவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும். பதினெட்டாம்படிக் கருப்புக்கு அங்கே சிலை கிடையாது. மூடிய கதவுதான் சாமி, சந்தனம் சாத்துவதும் அந்தக் கதவுக்குத்தான். ஒரு நாள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, இந்தச் சந்தனம் நம் வீட்டுக் கதவில் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அன்றிரவு தூக்கம் போயிற்று.

ஏழு அத்தியாயம் எழுதியதும் சின்னாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்பது வயது. வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டவர், உலக்கையை நிறுத்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நகையை மாற்றும்போது கருப்பு என்னப்பா செய்துகொண்டிருந்தார், தூங்கிவிட்டாரா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடவே நான்கு மாதம் ஆனது. எல்லாம் அறிந்த காவல்காரர் வாசலில் இருக்கும்போது திருட்டு எப்படி நடக்கும்? நடந்தால் அவர் காவல் தெய்வம் இல்லை. நடக்காவிட்டால் எனக்குக் கதையே இல்லை. கட்டுரையாளர் சொல்லும் சுலபம் இதுதான் போலும்.

வழி காட்டியது, நான் சிறுவயதில் கேட்டு வளர்ந்த அழகர்கோயில் கதைதான். மலையாள நாட்டிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்து போக வருகிறார்கள். கண்ணில் மை தீட்டியிருப்பதால் அவர்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அர்ச்சகர் என்ன செய்தார் தெரியுமா? மிளகு தூக்கலாகப் போட்ட பொங்கலைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தார். ஆவியிலும் காரத்திலும் கண் கலங்கி மை கரைந்தது. பதினெட்டுப் பேரும் கையும் களவுமாக அகப்பட்டார்கள். அவர்களைப் புதைத்த இடத்தில்தான் பதினெட்டுப் படி என்பார்கள். இதில் அழகர் சக்கரத்தை எடுக்கவே இல்லை என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. வேலையை முடித்தது மடைப்பள்ளி. மந்திரவாதிகளுடன் வந்த கருப்பு, அதன் பிறகு காவலுக்கு அமர்கிறார், அதுவும் ஒப்பந்தம் பேசி. இன்ன இடம், இன்ன பொறுப்பு, இன்ன படையல்.

ஒப்பந்தம் என்றதும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. ஒரு நவமியன்று உட்கார்ந்து என் கதைக் கருப்புக்கு ஒரு பத்திரமே எழுதினேன் (பத்திர மொழியில் மால் என்றால் எல்லை). "இதற்கு நான்கு மால்: கண்மாய்க் கரைக்கு மேற்கு, பனந்தோப்புக்குக் கிழக்கு, மலையடிவாரத்துக்குத் தெற்கு, மேலூர் ரோட்டுக்கு வடக்கு. இதற்குள்பட்ட காவல் பாத்தியம்." எழுதி முடித்ததும் முடிச்சு தானாகவே தளர்ந்தது. நான்கு மாலுக்குள் திருட்டு நடக்கவே இல்லை! ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் சம்மதித்துத்தான் நகைகளை மெருகு போட மதுரைக்கு அனுப்பினார்கள். மாற்றியது தெற்காவணி மூல வீதியில், ஒரு மாடி அறையில். கருப்பின் எல்லையைத் தாண்டிப் போன நகை வேறு, திரும்பி வந்த நகை வேறு. அவர் தூங்கவில்லை, ஊரே வழியனுப்பி வைத்தது. சின்னாத்தாவிடம் சொன்னேன். இடித்த வெற்றிலையில் எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

அடுத்த சிக்கல் குறி. சாமியாடி மேல் கருப்பு இறங்கித் திருடன் பெயரைச் சொல்லிவிட்டால் அன்றோடு கதை முடிந்தது. அதனால் சாமியாடியை அந்த வருடம் தீட்டில் வைத்துவிட்டேன் (பங்காளி வீட்டில் ஒரு சாவு, பாவம், அந்தக் கிழவரை இதற்காகவே கொன்றேன்). வேறு வழியில்லாமல் ஊரார் பூக்கட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், விவரம் அறியாத ஒரு குழந்தை எடுக்க வேண்டும். இதில் சாமியின் பதில் ஆம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். ஆகவே தப்பு நடப்பதற்குக் கேள்வியில்தான் இடம் இருக்கிறது. "பெட்டி ஊருக்குள் இருக்கிறதா?" என்று பெரியவர் கேட்கிறார். வெள்ளை வருகிறது. நிம்மதியாகக் கலைந்துபோகிறார்கள். பெட்டி ஊருக்குள்தான் இருக்கிறது, நகைதான் இல்லை. "பெட்டியும் அதனுள் அடங்கிய நகைகள் வகையறாவும்" என்று கேட்டிருக்க வேண்டும். சொத்து விவரத்தில் ஒரு சொல் விட்டுப்போய், பிழைதிருத்தல் பத்திரத்துக்கு என்னிடம் வந்து நிற்பவர்கள் எத்தனை பேர்! அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன்.

அந்தத் தைரியத்தில் சத்தியத்திலும் இதே வித்தையைக் காட்டப் போனேன். திருடன் பதினெட்டாம்படியில் சத்தியம் செய்ய வேண்டும், பொய்ச் சத்தியம் செய்தும் இருபத்தெட்டாம் அத்தியாயம் வரை உயிரோடு இருக்க வேண்டும். எனவே "நகையில் நான் கை வைக்கவில்லை" என்று சொல்ல வைத்தேன். மாற்றியது அவன் மனைவியின் கை. சொல்லுக்குச் சொல் உண்மைதானே! சின்னாத்தா உலக்கையை இந்த முறை நிறுத்திவிட்டார். "நீ எழுதுகிற பத்திரம் என்று நினைத்தாயா? மனிதன் சொல்லைக் கேட்பான், கருப்பு நெஞ்சைக் கேட்பார்." பதினைந்து பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். கேள்வி கேட்பவன் சொல்லில் இடறி விழலாம், சாமியைச் சொல்லில் ஏமாற்ற முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

கிழித்த இடத்தில் இப்போது இருப்பது கெடு. சத்தியம் செய்தவனுக்கு எங்கள் பக்கம் நாள் வைப்பார்கள். இன்ன நாளுக்குள் அவன் வீட்டில் கெட்டது நடந்தால் பொய், இல்லாவிட்டால் மெய். அதுவரை அவனை ஊர் விரல் நுனியாலும் தொடாது. திகில் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது, அவன் வீட்டுத் தலைவலி, பல்வலி ஒவ்வொன்றையும் ஊரே எண்ணிக்கொண்டிருக்கிறது. எட்டாம் நாள் அவன் பசு கன்று போடுகிறது. அது நல்லதா கெட்டதா என்று டீக்கடையில் அடிதடி.

செல்போன் தொல்லையைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கதாநாயகனை மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் நின்று போன் பேச வைத்திருந்தேன். தங்கை மகன் சிரித்தான். "மாமா, போன் எப்படி உள்ளே போனது?" 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உயர் நீதிமன்ற உத்தரவால் கோயிலுக்குள் செல்போன் கூடாது என்பது மறந்தே போயிருந்தது. இப்போது அவன் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறான். அவனை எச்சரிக்கும் அழைப்பு வெளியே, பூட்டிய பெட்டியில் மணியடித்துக்கொண்டிருக்கிறது.

கட்டுரையாளருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாமியை இறக்கி முடிச்சை அவிழ்ப்பது நம் வழக்கம் என்கிறார். இளங்கோவடிகள் என்ன செய்தார்? நகரம் பற்றி எரியத் தொடங்கிய பிறகுதான் மதுரையின் தெய்வமான மதுராபதி வருகிறாள். கண்ணகியை நேருக்கு நேர் பார்க்கும் தைரியம் இல்லாமல் பின்னால் நின்று பேசுகிறாள். முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் சங்கமன் என்னும் வணிகனைக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் சொல்கிறாள். பதினான்கு நாளில் கணவனைக் காண்பாய் என்று கெடு வைக்கிறாள். போன உயிரைத் திருப்பித் தரவில்லை. ஊர்த் தெய்வமே பின்னால் நின்று விளக்கம் சொல்கிற இடத்தைப் படித்தால் எனக்கு இன்றும் முதுகு சில்லிடும்.

ஊர் மக்களும் சளைத்தவர்கள் அல்லர். திருமலை நாயக்கர் மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் திருவிழாவோடு சேர்த்தார். தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகர் மதுரைக்கு வந்தார். வந்தால் கல்யாணம் முடிந்திருக்கிறது. கதையில் எவ்வளவு பெரிய ஓட்டை பாருங்கள்! அண்ணன் நேரத்துக்கு வர முடியவில்லை, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போய்விட்டார் என்று சொல்லி அதை ஊரே அடைத்துவிட்டது. மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க வந்தார் என்கிற புராணக் காரணம் ஒரு பக்கம் இருக்கட்டும். தாரை வார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் ஏற்கெனவே வந்துவிட்டாரே என்று யாரும் கேட்பதில்லை. பிணங்கிப் போகிற அண்ணனைத்தான் மக்களுக்குப் பிடித்திருக்கிறது.

இருபத்தேழாம் அத்தியாயத்தில் நான் நிற்பதும் அங்கேதான். திருடனின் கெடு முடிகிற நாள், அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். அவன் மதுரைக்கு ஓடிவந்து, ஆழ்வார்புரம் கரைக் கூட்டத்தில் தலையோடு தலையாக நிற்கிறான். எல்லை தாண்டிவிட்டோம் என்ற தெம்பு அவனுக்கு. ஆனால் சத்தியம் செய்தது பதினெட்டாம்படியில். அழகர் மதுரையில் இருக்கும் நாட்களில் அந்தக் கருப்பு எங்கே இருக்கிறார்?

"கூடவே போவார், இத்தனை நகையோடு அழகரைத் தனியாக அனுப்புவார்களா?" என்கிறார் சின்னாத்தா. என் மனைவியோ, புறப்படும் முன் நகைப் பட்டியலைக் கருப்பு முன்னால்தானே வாசிக்கிறார்கள், திரும்பி வந்ததும் அவர் முன்னால்தானே சரிபார்க்கிறார்கள், அப்படியென்றால் வாசலில் ஆள் இருந்தாக வேண்டும் என்கிறாள். இருவரும் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அழகர்கோயில் பக்கத்து வாசகர்கள், குறிப்பாகத் தலைமுறை தலைமுறையாகச் சாமியாடும் வீட்டுக்காரர்கள், தங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதினால் புண்ணியமாகப் போகும். வருகிற அஷ்டமிக்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.

(பெயர் போட வேண்டாம். பத்திரம் எழுத வருகிறவர்கள் அந்தக் கிழவரை ஏன் கொன்றாய் என்று கேட்பார்கள்.)