தனியாள் கேனோவுக்கு நீங்கள் அனுப்பிய தோள்நுகம் பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கிளாம்ப் போட்டு மாட்டும் தோள்நுகம் – தவறான பரிந்துரை, படகுக்கு நேர்ந்த சேதம், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்பு உங்களிடம் கழற்றி மாட்டக்கூடிய மரத் தோள்நுகம் ஒன்றை, அதாவது கேனோ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகைக் கவிழ்த்துத் தோளில் சுமப்பதற்காக அதன் குறுக்கே மாட்டும் சட்டத்தை, வாங்கினேன். மூன்றாவது தடவை அதை மாட்டிப் படகைச் சுமந்தபோது நுகத்தைப் படகின் விளிம்போடு இறுக்கிப் பிடிக்கும் இடது கிளாம்ப் விலகி, படகு தோளிலிருந்து சரிந்து பாறையில் விழுந்தது. எனக்குக் காதோரம் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். படகு அப்படித் தப்பவில்லை.

என் படகு 4.3 மீட்டர் நீளமுள்ள, கெவ்லர் என்ற லேசான செயற்கை இழைத் துணியால் செய்த கேனோ. எடை 15 கிலோ. ஒரே ஆள் துடுப்புப் போடுவதற்காகவே செய்தது. ஓர் ஏரி முடிந்ததும் அதைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கி, காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும், யார் உதவியும் இல்லாமல். இந்த ஒரு ஆசைக்காகத்தான் பல வருடம் காசு சேர்த்து இவ்வளவு லேசான படகை வாங்கினேன். இரண்டு பேர் போகும் கேனோவில் நுகத்தை நடுவிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிடுவார்கள். தனியாள் படகில் அந்த இடத்தை ஒட்டியே இருக்கை வந்துவிடுகிறது. அங்கே நிரந்தரமாக ஒரு சட்டம் இருந்தால் காலை நீட்டவும் முடியாது, முழங்காலிட்டு உட்காரவும் முடியாது. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் கழற்றி மாட்டும் நுகத்தைத் தேடி உங்களிடம் வருகிறோம்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊழியரிடம் எழுதிக் கேட்டேன். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: படகின் நீளம் என்ன? அகலத்தை நானாகத்தான் சொன்னேன். பக்கங்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்பதையும் நானாகத்தான் சொன்னேன். "எல்லாத் தனியாள் படகுக்கும் பொருந்தும், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது. நம்பி வாங்கினேன்.

நீளத்துக்கும் நுகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தேவையான அளவு, படகு சமநிலையில் நிற்கும் இடத்தில் விளிம்பின் வெளிப்புறத்திலிருந்து எதிர் வெளிப்புறம் வரை உள்ள அகலம். அந்த இடம் அளவு நாடா காட்டும் நடுப்புள்ளியாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. இருக்கை எங்கே தொங்குகிறது, முன்னும் பின்னும் என்ன கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து நகரும். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே டேப் ஒட்டினேன். என் படகில் அது நடுவிலிருந்து இரண்டு விரற்கடை பின்னால் வந்தது. நுகத்தை அதற்கும் கொஞ்சம் முன்னால் மாட்ட வேண்டும். அப்போதுதான் பின்பக்கம் சற்றுக் கனத்து முன்மூக்கு மேலே எழும்பும். நடக்கிறவருக்குப் பாதை தெரியும். இதில் ஒரு வரிகூட உங்கள் விளக்கக் குறிப்பில் கிடையாது.

இனி கிளாம்புக்கு வருகிறேன், என் புகாரின் மையம் அதுதான். தனியாள் கேனோக்கள் பலவற்றில் பக்கச் சுவர் மேலே வர வர உள்நோக்கிச் சாயும். டம்பிள்ஹோம் என்பார்கள். துடுப்பு போடுகிறவரின் கை, விளிம்பில் இடிக்காமல் தண்ணீரை எட்டுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆகவே மேலே ஓடும் அலுமினிய விளிம்பும் மட்டமாக இருக்காது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். உங்கள் கிளாம்பின் தாடையோ, அதாவது விளிம்பைக் கவ்வும் பகுதியோ, முழுக்கத் தட்டை. அதை விளிம்பில் மாட்டி, அடியில் ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன். உள்பக்கம் தாள் தாராளமாகப் போய் வந்தது. வெளிப்பக்கம் மட்டும் நூல் கனத்துக்கு ஒரு கோட்டில் பிடித்திருந்தது. தாடையின் முழுப் பரப்பும் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் பிடித்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? சாய்வுக்கு ஏற்பத் திரும்பும் தாடையோ, குறைந்தபட்சம் கெட்டியான ரப்பர் பட்டையோ இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

முதல் தடவை சுமந்தபோதே நுகம் லேசாக நகர்ந்தது. அன்று மாலையே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்து வந்த பதில்: "விங் நட்டை (கிளாம்பைக் கையால் முறுக்கி இறுக்கும் திருகு) இன்னும் இறுக்குங்கள்." எனக்கு அதிகக் கோபம் இந்தப் பதிலின் மேல்தான். சொன்னபடி இறுக்கினேன். அலுமினிய விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அதற்கு நேர் கீழே, உட்புறத்தில், கெவ்லர் துணியை இறுக்கிப் பிடிக்கும் பிசினான ரெசின் கட்டைவிரல் அகலத்துக்கு வெளுத்துப்போயிருந்தது. லேசான படகு என்றால் விளிம்பும் மெல்லியது, தோலும் மெல்லியது என்றுதானே பொருள்? அதை நெரித்துப் பிடிக்கச் சொல்வது ஒரு தீர்வா?

மூன்றாவது தடவை, ஏற்றமான பாதை. ஏறும்போது படகு பின்பக்கமாக வழுக்கப் பார்க்கும். அதாவது நுகம், படகின் முன்மூக்கை நோக்கி நகரப் பார்க்கும். அந்தப் பக்கம் போகப் போகப் படகு குறுகும். விளிம்பை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கும் உங்கள் கிளாம்ப், படகு குறுகினால் தானாகவே தளர்ந்துவிடும். அதுதான் நடந்தது. முதலில் தலைக்குமேல் "டக்" என்று ஒரு சத்தம். அப்புறம் பின்நுனி கீழே இறங்கிப் பாறையில் தட்டியது. நான் சுதாரிப்பதற்குள் இடது பக்கம் முழுவதும் விடுபட்டுவிட்டது. தலை படகுக்குள் இருக்கும்போது இப்படி நடந்தால் எந்தப் பக்கம் விலகுவது என்றே தெரியாது. கையில் பிடித்திருந்ததை விட்டுவிட்டுக் குனிந்தேன்.

"நீண்ட போர்ட்டேஜ்களுக்கு ஏற்றது" என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கிறீர்கள். ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்ததற்குப் படகைச் சுமந்து நடக்கும் வழிதான் போர்ட்டேஜ். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிப் பகுதியில் இந்தச் சுமை வழிகளை இன்றும் ராட் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கேனோவின் நீளம். 200 ராட் என்றால் ஒரு கிலோமீட்டர். அங்கே அது ஒன்றும் அபூர்வமான தூரம் இல்லை. உங்கள் நுகம் என்னிடம் 40 ராட் தாண்டவில்லை.

எடை விஷயமும் சரியில்லை. குறிப்பில் 700 கிராம் என்று இருக்கிறது. தோளில் படும் திண்டுகளும் கிளாம்பும் சேர்த்து நான் நிறுத்தபோது 1,150 கிராம். திண்டு இல்லாமல் வெறும் கட்டையை நிறுத்து அந்த எண்ணைப் போட்டீர்களா என்று கேட்கிறேன். 15 கிலோ படகுக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை. ஒவ்வொரு நூறு கிராமுக்கும் நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஆஷ் மரத்தை நேரான ரேகையாகப் பார்த்து எடுத்து, கழுத்துக்கு நேரே அழகாகக் குடைந்திருக்கிறீர்கள். திண்டுகள் தலைச்சுமைக்காரர் பார்த்துப் பார்த்துச் சுற்றிய சும்மாடு மாதிரி பதமாக இருக்கின்றன. அவற்றைத் தள்ளி வைத்துக்கொள்ளவும் முடிகிறது. என் தோள் குறுகல். தோள் நுனி எலும்பில் படாமல், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சதையில் அவை உட்காரும்படி அமைத்துக்கொள்ள முடிந்தது. மரவேலை செய்தவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய உழைப்பை அந்தக் கிளாம்ப் கெடுத்துவிட்டது.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். நுகத்தின் முழு விலையும் அனுப்பும் செலவும் திரும்ப வேண்டும். விளிம்பை மாற்றி, வெளுத்த இடத்தில் ஒட்டுப்போடப் பட்டறையில் கொடுத்திருக்கும் மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். அந்தச் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். இறுக்கச் சொன்னது நீங்கள், அந்தப் பதிலின் நகலும் இதோடு இருக்கிறது. மாற்றுக் கிளாம்ப் அனுப்புகிறோம் என்று முடித்துவிடாதீர்கள், அதே தட்டைத் தாடையில் இன்னொன்று எனக்கு வேண்டாம்.

அதோடு, "எல்லாத் தனியாள் படகுக்கும்" என்ற வரியை உடனே எடுத்துவிடுங்கள். இனி யார் கேட்டாலும் சமநிலை இடத்தில் அகலம் எவ்வளவு, விளிம்பு எந்தப் பொருள், எவ்வளவு சாய்வு, இருக்கையின் முன்சட்டம் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் பரிந்துரை செய்யுங்கள். இதே நுகத்தை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். கிளாம்ப் விலகினாலும் நுகம் நகராமல் இருக்க, அதை இருக்கைச் சட்டத்தோடு ஒரு கயிற்றால் கட்டிக்கொள்ளச் சொன்னால்கூடப் போதும், ஒருவர் தலை தப்பும். வீட்டில் அப்படிக் கட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நுகத்தைப் பழைய பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். கிளாம்ப், பள்ளம் விழுந்த விளிம்பு, தராசு காட்டிய எடை மூன்றின் படங்களும் இணைப்பில் உள்ளன. எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதைப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் இதே ஆவணங்களோடு முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்