மாத்திரையோடு ஒரு கைப்பிடியும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. அது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியே வாழும் பெரியவர்களுக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். அந்த மதிப்பினாலேயே இந்தக் கோரிக்கையை முன்வைக்கிறேன். மாத்திரையோடு வீட்டுக்கு வரும் தன்னார்வலர், அந்த வீட்டின் குளியலறையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது தலைசுற்றலை உண்டாக்கும். நீர் பிரிவதற்கான மாத்திரை இரவில் எழுப்பிவிடும். நெடுநாள் நீரிழிவு பாதத்தின் உணர்வைக் குறைத்துவிடும். இவை மூன்றும் வாய்த்த ஒருவர் விளக்கைத் தேடித் தடவியபடி ஈரத் தரையில் கால் வைக்கும்போது, பிடிப்பதற்கு அங்கே துண்டு போடும் கம்பி மட்டுமே இருக்கிறது. அது உடலின் எடையைத் தாங்காது. விழுந்த பிறகு வருவது அதைவிடக் கொடியது: கதவு உட்புறமாகத் திறப்பதாக இருந்தால், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ள, உள்தாழ்ப்பாளை உடைத்தாலும் உதவிக்கு வந்தவர் நுழைய முடிவதில்லை. இடுப்பு எலும்பு முறிந்த நிலையில் தரையிலேயே மணிக்கணக்கில் கிடப்பவருக்கு நீர்ச்சத்துக் குறைவும் தசைச் சிதைவும் சேர்ந்துகொள்கின்றன.

தேவைப்படுபவை விலையுயர்ந்த கருவிகள் அல்ல. கழிப்பறைச் சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி, ஆள் அசைந்தால் தானே எரியும் சிறு விளக்கு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் ஆகியவையே முதலில் வேண்டும். அவசர அழைப்புப் பொத்தான் உள்ள கைப்பேசி நல்லதுதான். ஆனால் கூடத்து மேசையில் கிடக்கும் கைப்பேசி குளியலறையில் விழுந்தவருக்கு உதவாது. கம்பியில்லா அழைப்புமணி ஒன்றின் பொத்தானைக் குளியலறையில் தரையிலிருந்து எட்டும் உயரத்தில் ஒட்டி, மணியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் போதும் என்பதே என் கருத்து. முதியோர் உதவி எண் 14567, ஆம்புலன்ஸ் எண் 108 ஆகிய இரண்டையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டித் தரலாம்.

2017 முதல் நடைமுறையில் உள்ள ஒன்றிய அரசின் வயோஸ்ரீ திட்டம், வருமானம் குறைந்த முதியோருக்கு ஊன்றுகோலும் வாக்கரும் வழங்குகிறது. வாக்கர் அந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்குள் நுழையுமா, ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டதா என்பவற்றை வீட்டுக்குள் வந்து பார்ப்பவரே சொல்ல முடியும். அதற்கான ஒரு நாள் பயிற்சியையும் ஒரு பக்கப் படிவத்தையும் தன்னார்வலர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் துறை வழங்க வேண்டும். கூடுதல் வேலைக்கு உரிய ஊக்கத்தொகையும் தர வேண்டும்.

வாடகை வீடுகளில் சுவரில் துளையிட உரிமையாளர்கள் தயங்குவதுண்டு. ஆகவே, தேவையைக் குறிப்பிட்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் கையொப்பமிடும் பரிந்துரைக் கடிதம் ஒன்றையும் அந்தப் படிவத்தோடு இணைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தனியே வாழும் முதியோரின் நலனில் அக்கறை கொண்ட ஒரு குடிமகள்