எங்களைக் கொஞ்சம் கஷ்டப்பட விடுங்கள்

கல்லூரிகளில் பாடம் நடத்துகிற, அசைன்மென்ட் கொடுக்கிற, விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்த வேண்டும், எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று நீங்கள் எங்களுக்குச் சொன்ன அறிவுரைகள் ஏராளம். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கடிதம் வரட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். கேட்கப்போவது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். எங்களை இன்னும் அதிகமாக உழைக்க வையுங்கள், ஆனால் சரியான இடத்தில் உழைக்க வையுங்கள்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அதுவரை உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே சொல்லாமலே ஒரு கணக்கு இருந்தது. ஒருவர் ஐந்து பக்கக் கட்டுரை கொடுத்தால், அதற்காக ஏதோ படித்திருப்பார், குழம்பியிருப்பார், அடித்து எழுதியிருப்பார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். சீனியரின் பழைய கட்டுரையைப் பெயர் மாற்றிக் கொடுத்தவர்கள் அப்போதும் உண்டு. ஆனாலும் மொத்தத்தில் அந்தக் கணக்கு ஓடியது. இப்போது குழப்பமே இல்லாமல் கட்டுரை மட்டும் தனியாகக் கிடைக்கிறது. நீங்கள் இன்னமும் அந்த ஐந்து பக்கத்தைத்தான் கேட்கிறீர்கள், நாங்களும் அதைத்தான் கொடுக்கிறோம். மதிப்பெண் வந்துவிடுகிறது. எங்களுக்குள் என்ன வந்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

"கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள்" என்று எங்களில் பலரே சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எதை எதோடு பெருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்த பிறகுதான் கால்குலேட்டருக்கு வேலை. இந்தக் கருவி அந்த முடிவையும் தானே எடுத்துவிடுகிறது. எது முக்கியம், எதை விடலாம், எந்த வரிசையில் சொல்லலாம் என்பதெல்லாம் தீர்மானமாகி நம் கையில் வருகிறது. படிப்பு என்று சொல்வதில் பெரும்பகுதி அந்தத் தீர்மானங்களில்தான் இருந்தது.

இதை வெறும் மனக்குறையாகச் சொல்லவில்லை. துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கிட்டத்தட்ட 1,000 மாணவர்களை வைத்து நடத்திய கணித ஆய்வு 2025-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. சாட்ஜிபிடி வகைக் கருவியான ஜிபிடி-4 கையில் இருந்த மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளில் மற்றவர்களைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். அப்புறம் கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். என்னை உறுத்துவது அந்த 17 கூட இல்லை. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே அந்த மாணவர்களுக்குத் தெரியவில்லை. பயிற்சியில் எல்லாம் சரியாக வந்தது, அதனால் புரிந்துவிட்டது என்று நம்பினார்கள். முட்டி மோதிப் படிப்பவருக்குத் தனக்கு எது தெரியாது என்பதாவது தெரிகிறது. விடை வழுக்கிக்கொண்டு வரும்போது அதுவும் போய்விடுகிறது.

அதே ஆய்வில் இன்னொரு குழுவும் இருந்தது. அதைப் பற்றி நீங்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டும். அவர்களுக்குக் கொடுத்ததும் அதே ஜிபிடி-4 தான். ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அதை மாற்றியிருந்தார்கள். எந்தக் கணக்கில் மாணவர்கள் எங்கே தடுக்குவார்கள் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததை வைத்து அந்த மாற்றத்தைச் செய்தார்கள். அந்தக் குழு பயிற்சியில் 127 சதவீதம் முன்னேறியது, தேர்விலும் அந்தப் பெரிய சரிவு இல்லை. ஆக, பிரச்சினை கருவி கையில் இருப்பதில் மட்டும் இல்லை. உழைக்க வேண்டிய இடத்தில் அது குறுக்கே வந்து விழுவதில் இருக்கிறது. எது உழைக்க வேண்டிய இடம் என்று அங்கே ஓர் ஆசிரியர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

இது மாணவர்களோடு நிற்கிற விஷயமும் இல்லை. போலந்தில் நான்கு மருத்துவ மையங்களில் குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2025-ல் வந்தது. புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளைத் திரையில் சுட்டிக்காட்டும் செயற்கை நுண்ணறிவு அங்கே வழக்கத்துக்கு வந்தது. அது வருவதற்கு முன், 28.4 சதவீதப் பரிசோதனைகளில் மருத்துவர்கள் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். வந்த பிறகு, கருவி இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அது 22.4 சதவீதமாகக் குறைந்தது. இவர்கள் அனுபவசாலிகள். ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது, இடையில் வேறு காரணங்களும் புகுந்திருக்கலாம். ஆனால் அவர்களிடம் இழப்பதற்கு ஒரு திறமை ஏற்கெனவே இருந்தது. நாங்கள் இன்னும் அதைச் சம்பாதிக்கவே தொடங்கவில்லை.

லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே இந்த முரணை எழுதிவிட்டார். எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். தன்னால் முடியாத கடினமானவற்றை மனிதரிடம் தள்ளும். ஆனால் அந்தக் கடினமானதைச் செய்யத் தேவையான பழக்கம் எளிய வேலைகளில்தான் வரும். அவர் பேசியது தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி. இன்று எங்களிடம் "ஏஐ எழுதியதைச் சரிபார்க்கத் தெரிந்தால் போதும்" என்கிறார்கள். எதை வைத்துச் சரிபார்ப்பது? 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனு கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே சரிபார்க்காமல் விட்டுவிடுகிறார்கள் என்றால் இருபது வயதில் நாங்கள் எம்மாத்திரம்.

இதற்கு உங்களில் பலர் கண்டுபிடித்த தீர்வு, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, எழுதியது மனிதரா இயந்திரமா என்று சொல்ல வெளியிட்ட தன் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரம் எழுதியது என்றன. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுவதுதான் அவர்கள் செய்த குற்றம். கஷ்டப்பட்டு இன்னொரு மொழியைக் கற்று எழுதியவருக்கு இதைவிட அவமானம் உண்டா? நேர்மையாக உழைத்தவர் விசாரணையில் நிற்கிறார், கருவி எழுதியதைக் கொஞ்சம் கலைத்துப் போட்டுக் கொடுத்தவர் தப்பித்துவிடுகிறார்.

சரி, அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

முதலில், எல்லா உழைப்பையும் புனிதமாக்காதீர்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் அழகான கையெழுத்தில் நகலெடுப்பதும் உழைப்புதான். அதில் தேய்ந்தது பேனா மட்டும். பக்க எண்ணிக்கைக்காக நீட்டி முழக்குவது, அட்டைப்பக்க அலங்காரம், மேற்கோள் பட்டியலின் காற்புள்ளிகள் எல்லாவற்றையும் இயந்திரம் தாராளமாகச் செய்யட்டும். உண்மையைச் சொன்னால், பல அசைன்மென்ட்களை எங்களில் பலர் யோசிக்காமல் கருவியிடம் தள்ளிவிடக் காரணம், அவை ஏற்கெனவே யோசிக்கத் தேவையில்லாத வேலைகளாக இருப்பதுதான்.

விடை கிடைத்துவிட்டால் உழைப்பு செத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ராமானுஜன் பதின்ம வயதில் வைத்துப் படித்த கணிதப் புத்தகம் கிட்டத்தட்ட ஒரு கைடு மாதிரிதான். தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் கார் என்ற ஆங்கிலேய ஆசிரியர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருக்கும், நிரூபணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சுருக்கமான குறிப்பாகத்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் விடை கண்ணெதிரே இருந்தது. அவர் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க உட்கார்ந்தார். எல்லோரும் ராமானுஜன் ஆகிவிடுவோம் என்று சொல்ல வரவில்லை, அவ்வளவு பேராசை இல்லை. விடையைக் கொடுத்துவிட்டே கூட ஒருவரை உழைக்க வைக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். கருவி எழுதிய கட்டுரையை நீங்களே வகுப்பில் கொடுங்கள். எந்த வரி பொய், எந்த வாதம் ஓட்டை, எது விட்டுப்போயிருக்கிறது, எப்படித் தெரியும் என்று எங்களைக் கேளுங்கள். அதற்குத் திணற வேண்டியிருக்கும். அந்தத் திணறல்தான் எங்களுக்கு வேண்டும்.

அப்புறம், எங்களோடு பேசுங்கள். ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தவரை ஐந்து நிமிடம் எதிரில் உட்கார வைத்து, "இந்த இடத்தில் ஏன் இப்படி நினைத்தாய்?" என்று கேட்டாலே போதும். வைவா என்ற பெயரில் அது ஏற்கெனவே இருக்கிறது, பெரும்பாலும் சடங்காக. முதல் வரைவையும் கேளுங்கள். அடித்தல் திருத்தல்களோடு, தப்பான யோசனைகளோடு கேளுங்கள், அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். தப்பான யோசனைக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பயமில்லாமல் சொந்தமாக யோசிப்போம். இன்றைக்கு மோசமாகச் சொந்தமாக எழுதுபவர், நன்றாகக் கடன் வாங்கி எழுதுபவரிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்தால் ஐந்து நிமிடம் வீதம் ஐந்து மணி நேரம். அதை நீங்கள் மட்டும் சுமக்க முடியாது. நிர்வாகங்கள் அசைன்மென்ட் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் நடக்கும். ஒரு பருவத்துக்குப் பத்து அரைகுறை அசைன்மென்டுக்குப் பதில் இரண்டு உருப்படியானவை இருந்தால் எங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். மாணவர்கள் குறுக்குவழி தேடுவதில் சோம்பல் பாதி என்றால், அடுத்தடுத்துக் கழுத்தை நெரிக்கும் கடைசித் தேதிகள் மீதிப் பாதி.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கட்டுரைகளுக்கு நீங்கள் எழுதும் கருத்துகளும் இப்போதெல்லாம் ஒரே அச்சில் வருகின்றன. "சிறப்பான முயற்சி, மேலும் ஆழமான பகுப்பாய்வு தேவை." எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும், எதையும் படிக்காமலே எழுதலாம். நாங்கள் கருவியால் எழுதி, நீங்கள் கருவியால் திருத்தினால், நடுவில் இரண்டு பக்கமும் மனிதர்கள் எதற்கு? உங்கள் கையெழுத்தில், கோணல் மாணலாக, "இந்தப் பத்தி எனக்குப் புரியவில்லை" என்று ஒரு வரி இருந்தால் போதும். யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால் உழைக்க மனம் வரும்.

வரும் பருவத்தில் ஒரே ஒரு பாடத்திலாவது இதைச் செய்து பார்ப்பீர்களா? எந்தப் பாடம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நாங்கள் முனகுவோம், புலம்புவோம், தேதி தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சுவோம். தள்ளி வைக்காதீர்கள்.

அன்புடன்,
இறுதியாண்டு மாணவி ஒருத்தி