பாட்டிக்கும் ஒரு துணை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டம் பற்றிய செய்தி படித்தேன். நல்ல திட்டம்தான். ஆனால் கிராமங்களில் இந்தக் குழந்தைகளில் பலரை வளர்ப்பது தாத்தா பாட்டிகள். பணத்துக்கு முன்னால் அவர்களுக்குத் தேவை, கூடவே வர ஓர் ஆள். எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, பேரனுக்காக இறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மூன்று முறை பேருந்து ஏறினார். கடைசியில் கைரேகை பதியவில்லை. களை பறித்தே தேய்ந்த விரல்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள், ரேஷன் போடும் நாளிலேயே, அவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் வந்து உட்காரலாம். மனுவை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அப்படியே, பையன் பள்ளிக்குப் போகிறானா, பாட்டி மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்கட்டும்.

– ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்