அமெரிக்காவில் நியூ ஹேவனில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். ஐந்து வாரமாக நீ பேசவில்லை என்பதைக் கடிதத்தில் எழுதக் கூடாது, எதையும் துருவிக் கேட்கவும் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆகையால் நீ இருக்கும் ஊரைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து படித்ததை மட்டும் எழுதுகிறேன். அங்கே கடற்காற்று கடுமையாக இருக்குமாம். கனமான கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் வெளியே போகாதே.

1638 ஏப்ரலில் ஜான் டேவன்போர்ட் என்ற பாதிரியாரும் தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரும், மாசசூசெட்ஸில் தங்கிவிட மனமில்லாமல், சுமார் 500 பேருடன் குவின்னிபியாக் மக்களின் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கொள்ளைநோயாலும் அண்டை இனத்தாரின் தாக்குதல்களாலும் எண்ணிக்கையில் மிகவும் குறைந்துபோயிருந்த அந்த மக்கள், புதிதாக வந்தவர்களால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பி, அதே ஆண்டு நவம்பரில் தங்கள் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாகப் பெற்றவை 12 மேலங்கிகள், 12 கரண்டிகள், 12 கைக்கோடரிகள், 12 மண்வெட்டிகள், 12 கிண்ணங்கள், கொஞ்சம் கத்திகளும் கத்தரிக்கோல்களும். வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமையும், துறைமுகத்தின் கிழக்குக் கரையில் ஒரு பகுதி நிலமும் அவர்களுக்கு மிஞ்சின. அவர்களுடைய தலைவர் மொமாகுயின் கையெழுத்துக்குப் பதிலாகத் தம் குறியை இட்டார். முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கு, வாசிக்கத் தெரியாதவர்கள் ரேகை வைக்கும்போது எழுதியவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது நன்றாகத் தெரியும். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

வந்தவர்கள் ஊரை ஒன்பது சதுரங்களாக அளந்து, நடுச் சதுரத்தை எல்லோருக்கும் பொதுவென்று விட்டார்கள். நீ முதல் வருடம் அனுப்பிய படத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாயே, அந்தப் புல்வெளிதான் அது. அதில் நீ போட்டிருப்பது மெல்லிய சட்டை. குளிர்காலத்தில் அது போதாது.

வணிகத்தால் செழிக்கலாம் என்று வந்தவர்களுக்கு வணிகம் கைகொடுக்கவில்லை. மீதமிருந்த பொருளையெல்லாம் திரட்டி ஒரு பெரிய கப்பலில் ஏற்றி, 1640களின் நடுவில் ஒரு ஜனவரி மாதம், உறைந்து கிடந்த துறைமுகத்தில் பனிக்கட்டியை வெட்டி வழி உண்டாக்கி, சுமார் 70 பேருடன் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வசந்தத்தில் அங்கிருந்து வந்த கப்பல்கள் எதிலும் அதைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. ஊரே கரையில் நின்று காத்திருந்தது. பின்னர் ஜூன் மாதத்தில் இடிமழை ஓய்ந்த ஒரு மாலை, அந்தக் கப்பல் பாய்விரித்து வானத்தில் வருவதையும், பாய்மரங்கள் ஒவ்வொன்றாக ஒடிந்து விழுந்து மறைவதையும் ஊரார் கண்டார்கள் என்றும், தவித்த மனங்கள் அமைதியடையவே இறைவன் அதைக் காட்டினார் என்று டேவன்போர்ட் சொன்னார் என்றும் பிற்காலத்தில் அவ்வூர்ப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அது உண்மையா என்று நான் ஆராயவில்லை. அத்தனை மாதங்கள் செய்தி இல்லாமல் இருந்தவர்கள் வானத்தைப் பார்த்திருப்பார்கள் என்பதை மட்டும் நம்புகிறேன்.

அதன் பிறகு அந்தக் குடியேற்றம் தனித்து நிற்க முடியாமல், 1665இல் கனெக்டிகட்டுடன் சேர்ந்துவிட்டது. நீ படிக்கும் கல்லூரி அங்கு வந்தது 1716இல்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, காட்டன் மேதர் என்ற பாஸ்டன் பாதிரியார் எலிஹு யேல் என்பவருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்க, அவர் லண்டனிலிருந்து ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அரசரின் ஓவியம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு விற்று 562 பவுன் கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஈட்டன் அவருடைய பாட்டியின் இரண்டாவது கணவர் என்பதைத் தவிர அந்த ஊரோடு அவருக்குப் பெரிய தொடர்பு இல்லை. அந்தக் கல்லூரியை அவர் கண்ணால் கண்டதும் இல்லை. நம் சென்னைக் கோட்டையில் 1687 முதல் ஆளுநராக இருந்து பணம் சேர்த்தவர். பதவியைப் பயன்படுத்திச் சொந்த வியாபாரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1692இல் நீக்கப்பட்டவர். அவருடைய ஆட்சியில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். சிறு பிள்ளையாக இறந்த அவருடைய மகன் டேவிட்டின் கல்லறை, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெயரை நான்கு வருடமாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று அங்கே நிற்கும்போது எண்ணிப் பார்த்தேன். நம் வீட்டில் யாரும் எட்டாத இடத்துக்கு நீ போனாய்; அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில், வரும் மே மாதம் நீ டாக்டர் பட்டம் வாங்குகிறாய் என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேனே, அப்படி நீ என்னிடம் சொன்னதே இல்லை. அதற்கு முந்தைய வாரம், "அப்பா, எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை" என்று நீ ஆரம்பித்தபோது, சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ சொல்லப்போவதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இதை அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை.

அந்தப் பெயர் வருவதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் இருந்தது. நீ அங்கே எந்த நிலையில் இருந்தாலும், என்ன முடிவு எடுத்திருந்தாலும், பெரியம்மா வீட்டுக்கு நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அந்த வேலை உனக்கு வேண்டாம்.

வெளியே போகும்போது கோட்டைப் போட்டுக்கொள். பணம் தேவையென்றால் அம்மாவிடம் சொல். இந்த முறை போனை நானே எடுக்கிறேன். நீ பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா