பால் மறந்த குட்டிகளும் ஓமமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே இரண்டு தாய்ப்பன்றிகள் அடுத்தடுத்து ஈன்றன, ராத்தூக்கமே இல்லை. அதனால்தான் தாமதம். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாரா?

ஐசியூவில் வேறு எந்த மருந்தும் கேட்கவில்லை, கடைசியில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்தான் காப்பாற்றியது என்று எழுதியிருந்தாய். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு மேலே படிக்க முடியவில்லை. குட்டிகள் கழிந்தால் நான் தீவனத்தில் கலந்துகொண்டிருந்த மருந்து அதுதான். கழியாவிட்டாலும் முன்கூட்டியே கலப்பேன். 2019 ஜூலையில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தபோது, இனி குட்டிகளை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் கவலைப்பட்டேன். பாக்டீரியாவைக் கொலிஸ்டினுக்கு அடங்காமல் செய்யும் ஒரு மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது, சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் இருப்பதை 2015இலேயே கண்டுபிடித்திருந்தார்கள். அது தெரிந்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. உன் அப்பாவால்தான் உறைத்தது.

அது இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டாய் அல்லவா? கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாம் பால் மறக்கடிக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது. தாயிடம் குடிக்கிறவரை பாலில் உள்ள சர்க்கரையை நல்ல பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து வயிற்றைப் புளிப்பாக வைத்திருக்கும். பால் நின்றதும் அந்தப் புளிப்பு குறைந்துவிடும். குட்டிக்குச் சொந்தமாக அமிலம் சுரக்கும் திறன் இன்னும் வந்திருக்காது. தாயைப் பிரிந்த ஏக்கத்தில் ஒரு நாள், இரண்டு நாள் தீவனத்தைத் தொடாது. அதற்குள் குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற இழைகள் குட்டையாகிவிடும். பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காத புரதம் கீழ்க்குடலுக்குப் போகும், ஈ.கோலை என்ற பாக்டீரியா பெருகும், கழிச்சல் வரும். அப்புறம் இரண்டே நாளில் குட்டி வற்றிப்போகும்.

ஐரோப்பாவில் ஆரிகானோ, தைம் செடிகளின் எண்ணெயைக் குட்டித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். அவற்றில் வேலை செய்வது தைமோல், கார்வக்ரோல் என்ற இரண்டு பொருள்கள். பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைப்பவை. தைமோல் நம் ஓமத்தில் நிறையவே உண்டு. கற்பூரவல்லியிலும் இந்த வகைப் பொருள்கள்தான். குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் பாட்டி ஓமத்தண்ணீர் கொடுத்தது நினைவிருக்கிறதா? எனக்கு அதைப் படித்தபோது அந்த வாசனையே வந்துவிட்டது.

ஆனால் ஓமத்தை அள்ளிப் போட்டால் ஆகிவிடாது. முதல் தடவை நான் அதிகமாகப் போட்டேன். காரநெடிக்குக் குட்டிகள் தொட்டியை முகர்ந்துவிட்டு விலகிப் போயின. தின்னவைக்க வேண்டிய வாரத்தில் பட்டினி போட்டது போல் ஆயிற்று. அதோடு, இந்த எண்ணெய்ப் பொருள்களில் பெரும்பங்கு இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே உறிஞ்சப்பட்டுவிடும், கீழே போய்ச் சேராது. கம்பெனிகள் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்து விற்பது அதனால்தான்.

புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியாவைத் தீவனத்தில் சேர்க்கும் விஷயத்திலும் அடிபட்டுத்தான் கற்றேன். வேகவைத்த குருணை சூடு ஆறுவதற்குள் தயிரைக் கலந்து வந்தேன். தயிரில் இருக்கும் பாக்டீரியா அந்தச் சூட்டிலேயே செத்துவிடும். இப்போது கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டுத்தான் கலக்கிறேன். பாசில்லஸ் வகை அப்படியல்ல, வித்து வடிவில் உறங்கிக் கிடக்கும், தீவனத்தை அழுத்திப் பெல்லட் உருண்டைகளாக்கும் சூட்டையும் தாங்கும். கடைத் தீவனத்தில் அதைச் சேர்ப்பதற்குக் காரணம் அதுதான்.

டென்மார்க்கில் 2000 தொடக்கத்திலேயே குட்டிகளுக்கு வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். முதலில் கழிச்சல் கூடியது, சிகிச்சை மருந்தும் கூடியது. துத்தநாக ஆக்சைடை மருந்தளவில் கொடுத்துச் சமாளித்தார்கள். 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அதையும் நிறுத்தியது. சாணத்தோடு மண்ணில் சேர்கிறது என்பது ஒரு காரணம். ஒரு பொடியை எடுத்துவிட்டு இன்னொரு பொடியைப் போடுவது எவ்வளவு தூரம் உதவும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அதனால் நானும் மற்றதை மாற்றினேன். பால் மறப்பதற்கு முன்பே குட்டிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் பழக்குகிறேன். முதல் வாரம் புரதத்தைக் குறைக்கிறேன். தரை ஈரமில்லாமல், ராத்திரி குளிர் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். தாயை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுக் குட்டிகளை அதே கொட்டடியிலேயே விடுகிறேன். ஓமமும் தயிரும் இதற்கெல்லாம் துணைதான். இது இல்லாமல் அவை நிற்காது. இன்னமும் ஓரிரு குட்டிகள் கழியத்தான் செய்கின்றன. அவற்றைத் தனியே பிரித்து, உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்து, டாக்டரைக் கூப்பிடுகிறேன். அவர் சொன்னால் அந்தக் குட்டிக்கு மட்டும் ஊசி. மந்தைக்கே மருந்து கலப்பது நின்றுவிட்டது.

அடுத்த ஈற்றுக்குட்டிகள் ஐப்பசியில் பால் மறக்கும், மழையும் அப்போதுதான் பிடிக்கும். அதுதான் இப்போது என் கவலை. தீபாவளிக்கு நீ ஊருக்கு வந்தால் அப்பாவையும் அழைத்து வா. கொட்டகைப் பக்கம் அவர் வர வேண்டாம், உடம்பு தேறட்டும். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

உன் பழைய
அறைத்தோழன்