மாத்திரையை இன்னும் எத்தனை நாள்?

அன்பு மகள் மீனாவுக்கு,

"மூச்சு வாங்கறதே இல்லம்மா, ரத்தம் உறையாமல் இருக்கிற இந்த வார்ஃபரின் மாத்திரையை இன்னும் எத்தனை நாள் போடணும்?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன்.

கண்ணு, இதயத்துக்குள் இருக்கும் ரத்தக்கட்டி வலிக்காது. மூச்சு வாங்குவது நின்றது நீர் போகும் மாத்திரையாலும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையாலும்தான். கட்டி கரைந்ததா இல்லையா என்று உடம்பு உனக்குச் சொல்லாது.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வின் இதழ்களை ஓரத்தில் ஒட்ட வைத்துவிட்டது. 4 சதுர சென்டிமீட்டராவது திறக்க வேண்டிய வாசல் உனக்கு 1.1தான் திறக்கிறது. ரத்தம் இறங்க முடியாமல் இடது மேலறை விரிந்துவிட்டது. விரிந்த அறை சீராகச் சுருங்காமல் நடுங்குகிறது. அதன் ஓரத்தில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது. வாய்க்கால் முடுக்கில் தண்ணீர் நிற்பதுபோல ரத்தம் அங்கே நிற்கும், நின்றால் உறையும். டி.இ.இ. படத்தில் (தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்த எக்கோ) புகை சுழல்வதுபோலத் தெரிந்தது மெதுவாக நகரும் ரத்தம். பையின் அடியில் வெளுப்பாக ஒட்டியிருந்ததுதான் கட்டி. நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் அந்தப் பை சரியாகத் தெரியாது, அதனால்தான் குழாயை விழுங்க வைத்தார்கள். அடுத்த முறையும் அதேதான்; 6 மணி நேரம் வெறும் வயிற்றோடு போ.

வார்ஃபரின் கட்டியைக் கரைப்பதில்லை. வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் செய்யும் உறைபொருள்களைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கட்டி மேலே வளராமல் நிற்கும். இருப்பதை உடம்பே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கரைத்துக்கொள்ளும். அதுவரை ஒட்டிய வால்வைப் பிரிக்க பலூன் போட முடியாது. உள்ளே போகும் வயர் பட்டு ஒரு துணுக்குப் பெயர்ந்தாலும் நேரே மூளைக்குப் போய்விடலாம். பலூன் போட்ட பிறகும் இந்தச் சீரற்ற துடிப்பு இருக்கும்வரை மாத்திரை உண்டு. நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டும், ஏறினால் ரத்தம் கசியும். இன்று மாத்திரை அளவை மாற்றினால் அதன் பலன் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். மறுநாளே பார்த்துப் பதறாதே. ராத்திரி ஒரே நேரத்தில் போடு. மறந்தால், அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள். மறுநாள் ஞாபகம் வந்தால் விட்டுவிடு, இரண்டாகப் போடாதே. நோட்டில் மட்டும் குறித்து வை.

கீரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருந்தால் போதும். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் எண் ஆடும். தலைவலி, மாதவிலக்கு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. பாராசிட்டமால் போடு, அதையும் நாள் கணக்கில் தொடராதே. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படைக்கு ஃப்ளூகோனசோல் என்று கடையில் கொடுத்தால் வாங்காதே. இரண்டும் ஐ.என்.ஆரைச் சட்டென்று ஏற்றிவிடும்.

"டெஸ்டே வேண்டாம், புது மாத்திரை இருக்கு" என்று யாராவது சொன்னால் மாறிவிடாதே. அது வேறு வகை நோயாளிகளுக்கு நல்லது. ருமாட்டிக் வால்வும் இந்தத் துடிப்பும் சேர்ந்தவர்களை வைத்துச் செய்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அதில் அந்தப் புது வகையில் ஒன்றான ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை எடுத்தவர்களில் இறப்பு குறைவு.

இன்னொன்று, வெட்கப்படாமல் கேள். நாள் தள்ளிப்போனால் உடனே டெஸ்ட் எடுத்து டாக்டரிடம் சொல். 6 முதல் 12 வாரம் வரை இந்த மாத்திரை கருவின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கும். நீயாக நிறுத்தினாலும் ஆபத்து. ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவதா என்று அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ தூங்கி எழுந்து பார்ப்போம் என்று இருக்காதே, 108-ஐக் கூப்பிடு. திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, வலித்தாலும் அப்படித்தான். மலம் கறுத்துப் போனாலும், தலையில் அடிபட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மாத்திரைச் சீட்டைப் பர்ஸிலேயே வை.

வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்ததும் எண்ணை எனக்கு அனுப்பு.

அம்மா